பின்வாசல் பொம்மை

எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஈரக் காற்றில் எப்படி இருக்கிறது? இருமல், சளி ஏதும் இல்லையே? ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு பொறாமைக்காரியின் கதையைச் சொல்கிறேன்.

நடந்தது எழுபத்தொன்பது, எண்பது வாக்கில், திருவண்ணாமலையில் சின்னக்கடைத் தெருவை ஒட்டின ஒரு சந்தில். அங்கே உண்ணாமலை என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் கோதண்டராமனுக்கு மின்சார வாரியத்தில் குமாஸ்தா உத்தியோகம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். அண்டா, குண்டா எல்லாம் வண்டியேறிப் போயிற்று, மகள் சின்ன வயதில் வைத்து விளையாடின மாக்கல் செப்புச் சாமான் மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் தங்கிவிட்டது. அதை வெளியே எடுத்துத் துடைத்துக் கண்ணாடி பீரோவில் அடுக்கப் போனவள்தான், பிறகு நிறுத்தவே இல்லை.

மேல்தட்டில் ஒரு சமையல்கட்டு. அதற்குக் கீழே ஊஞ்சல் போட்ட கூடம். அதற்கும் கீழே பழம், சோடா, தொங்குகிற வாழைத்தார் என்று ஒரு பெட்டிக்கடை. தீப்பெட்டி அவள் கையில் அலமாரியாகும். ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி முக்காலியாகும். பற்பசை மூடி பக்கெட். ஜாக்கெட்டில் தைக்கிற ஜிகினா வட்டம் நிலைக்கண்ணாடி. கார்த்திகை தீபத்துக்குக் கடை போடுகிறவர்களிடம் வருஷா வருஷம் செப்பு வாங்குவாள். டாக்டர் வீட்டு அம்மாள் வந்து பார்த்தாள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சந்துக்குள் யார் வந்து வழி கேட்டாலும், "பொம்மைக்காரம்மா வீடா?" என்றுதான் கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெருமை இருந்தது. தேரோடும் தெருவில் மாதர் சங்கக் கட்டடம். அதன் வாசலில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. தீபத் திருவிழாவின் பத்து நாளும் ஊர் உலகமே அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆறு வருஷமாக அதற்குள் இருந்தது உண்ணாமலையின் காட்சி. கீழே அட்டையில் அவள் பெயர். அந்தப் பெயரை ஒரு தடவை பார்ப்பதற்காகவே திருவிழாவில் அவள் அந்தத் தெருவில் நாலு தடவை நடப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் பின்வீட்டுக்கு முன்னி பேகம் குடிவந்தாள். புருஷன் ஜானி பாஷா கடிகாரம் ரிப்பேர் செய்பவர். இரண்டு வீட்டுக்கும் பின்புறச் சுவர் ஒன்று. முன்னி பேகம் வந்த வாரமே பீரோவைப் பார்க்க வந்தாள். மூச்சுக் காற்று படக்கூடாது என்பதுபோல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். அரைமணி நேரம் ஆயிற்று.

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு," என்றாள் கடைசியில். "இந்தச் சொம்பு மட்டும் கொஞ்சம் பெருசு."

"எந்தச் சொம்பு?"

"ஊஞ்சல் பக்கத்துல இருக்குதே. அதுல தண்ணி ரொப்பினா அந்தம்மா தூக்க முடியாதுக்கா."

உண்ணாமலை சிரித்துவைத்தாள். அவள் போனதும் சொம்பைப் பார்த்தாள். பொம்மையின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் பட்டதில்லை. இனி அவள் கண்ணில் அது ஒன்றுதான் படும்.

அதற்கப்புறம் பூக்காரி பாஞ்சாலை வழியாகச் சேதி வர ஆரம்பித்தது. பாஞ்சாலைக்கு இரண்டு வீட்டிலும் வாடிக்கை. பூவை முழம் போட்டுக்கொண்டே கொளுத்திப் போடுவாள்.

"பின்வீட்டு பேகமும் பொம்மை வேலை பண்றாங்கமா. தெரியுமா?"

"பண்ணட்டுமே."

"கெணறு ஒண்ணு பண்ணிக்கீறாங்க. ராட்டினம் சுத்துது. கயிறு இழுத்தா வாளி மேல வருது."

"வரட்டும்."

"தண்ணியோட வருதுமா."

"பூவ அளந்து போடுடி. முழத்துக்கு அரைமுழந்தான் இருக்கு."

"என் கை என்னிக்கும் இதே கைதாம்மா," என்றாள் பாஞ்சாலை. "உங்க கண்ணுதான் இன்னிக்கு வேற மாதிரி கீது."

முன்னி பேகத்துக்குப் புருஷனுடைய ஆயுதங்கள் இருந்தன. மயிர் கனத்தில் இடுக்கி, அரிசி நீளத்தில் திருப்புளி, கண்ணில் செருகிக்கொள்கிற பூதக்கண்ணாடி. உண்ணாமலையிடம் இருந்தது கத்தரிக்கோலும் மைதாப் பசையும். இதை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட்டால் போய்ப் பார்க்கலாம். முன்னி பேகமும் இரண்டு தடவை கூப்பிட்டாள். "நேரம் இல்லம்மா," என்று உண்ணாமலைதான் சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டியிருக்குமே.

புரட்டாசியில் மாதர் சங்கச் செயலாளர் சந்திரம்மாள் டீச்சர் வந்தார்.

"உண்ணாமலை, இந்த வருஷம் பெட்டிக்கு நீயும் கொண்டா, முன்னி பேகமும் கொண்டாரட்டும். கமிட்டி பாத்து சொல்லும்."

"அது எதுக்கு டீச்சர்? ஆறு வருஷமா நான்தானே."

"அதனாலதான் கேக்கறேன். பெட்டி ஒண்ணுதானே இருக்குது."

அன்றிலிருந்து உண்ணாமலை ஒரு கல்யாணப் பந்தி செய்ய ஆரம்பித்தாள். இருபத்திரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பச்சைக் காகிதத்தில் இலை, இலையில் கடுகளவு லட்டு. ஆனால் பின்வீட்டுக்காரி என்ன செய்கிறாள் என்று தெரியாமல் கை ஓடவில்லை. பாஞ்சாலையைக் கேட்டால், "துணி போட்டு மூடி வெச்சிக்கீறாங்கமா," என்றாள்.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் புருஷன் ஆபீஸ் போனதும், உண்ணாமலை பின்வாசலுக்குப் போய், சுவரோரம் இருந்த துணி துவைக்கிற கல்மேல் ஏறினாள். சுவருக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தாழ்வாக, முன்னி பேகத்தின் ஜன்னல். ஜன்னலை ஒட்டி மேஜை. மேஜைமேல் ஏதோ ஒரு பலகை, அதன் முதுகுதான் தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். கால்விரலில் நின்று பார்த்தாள். அப்போது முன்னி பேகம் தலையை நிமிர்த்தினாள். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி.

இறங்க நேரமில்லை. என்ன செய்வாள்? முன்னி பேகத்தின் ஓட்டுக் கூரைக்கு நேர் மேலே மலை நின்றுகொண்டிருந்தது. அந்த ஊரில் கையெடுத்துக் கும்பிட அதைவிட நல்ல சாக்கு கிடையாது. உண்ணாமலை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "அருணாசலா, அப்பா," என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்னி பேகம் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் கும்பிட்டால் போதுமா? மறுநாளும் பார்க்கத் தோன்றியது. மறுநாளும் ஏறினாள், கும்பிட்டாள். அப்புறம் தினமும் பத்து மணிக்கு. கை மேலே, கண் கீழே. ஒருநாள் லீவில் இருந்த கோதண்டராமன் இதைப் பார்த்துவிட்டார்.

"முன்வாசல்ல நின்னா கோபுரம் தெரியுது. கல்லு மேல ஏறி மலையக் கும்புடற அளவுக்கு பக்தி ஜாஸ்தியாயிடுச்சா?"

"வேண்டுதலுங்க."

"என்ன வேண்டுதல்?"

"சொன்னா பலிக்காது. போயி சாப்புடுங்க."

பலகையின் முதுகைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவே இல்லை. ஒரே ஒரு நாள் மேஜைமேல் ஒரு கரண்டி கிடந்தது. பித்தளைக் கரண்டி, அரைவிரல் நீளம்கூட இல்லை, காம்பில் வளைவுகூட இருந்தது. அவள் திரும்பிவந்து தன் பந்தியைப் பார்த்தாள். சாம்பார் ஊற்றுகிறவன் கையிலிருந்த கரண்டி அவன் உயரத்துக்கு நின்றது. போர்வாள் தூக்கினவன்போல இருந்தான். தன் சாமானைத் தானே ரசிக்க முடியாமல் ஒருத்தி செய்துவிட்டாளே என்று அன்று முழுக்கப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கமிட்டி கூடியது. உண்ணாமலை தன் பந்தியோடு வந்து நின்றாள். முன்னி பேகம் பலகைமேல் இருந்த துணியை எடுத்தாள்.

உண்ணாமலையின் பின்வாசல். அச்சாக அதுவே. ஓட்டைப் பக்கெட், அதில் வைத்த துளசி, கம்பியில் காய்கிற கோதண்டராமனின் கோடு போட்ட அண்டர்வேர், சாம்பல் கிண்ணம், தேங்காய் நார், காரை பெயர்ந்த சுவர். துணி துவைக்கிற கல்மேல் ஒரு விரல் உயரத்துக்கு ஒருத்தி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நிற்கிறாள்.

"தினம் பத்து மணிக்கு அக்கா மலையக் கும்புடுவாங்க," என்றாள் முன்னி பேகம். "மழை பேஞ்சாலும் நிறுத்த மாட்டாங்க. என் ஜன்னல்லேர்ந்து பாக்கறப்ப மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். முதல்ல, அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப கண்டு வெச்ச பின்வாசல் மட்டுந்தான் செஞ்சேன், அப்புறம்தான் அக்காவையும் நிக்க வெச்சேன்."

சந்திரம்மாள் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உண்ணாமலை, இது நீதானா? இவ்வளவு பக்தின்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

உண்ணாமலை தரையைப் பார்த்தாள். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெட்டி முன்னி பேகத்துக்குப் போயிற்று. கல்யாணப் பந்தியை உள்ளே ஊறுகாய் ஸ்டாலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்கள்.

திருவிழா தொடங்கியது. ஜனங்கள் பெட்டியைச் சுற்றி மொய்த்தார்கள். தெருவில் உண்ணாமலையைக் கண்டால் கும்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவி அவள் காலைத் தொட்டாள். ஊர் மெச்சியது, ஆனால் அட்டையில் இருந்தது அடுத்தவள் பெயர். இவள் அதற்குள்ளே இருக்கிற பொம்மை.

தினமும் போய் அந்தப் பெட்டிமுன் நின்றாள். குறை தேடினாள். சுவரில் இல்லை, பக்கெட்டில் இல்லை. ஐந்தாம் நாள் கண்டுபிடித்தாள். கழுத்து. தோள் ஒரு பக்கம் முன்னால் சாய்ந்திருக்கிறது, குதிகால் தூக்கியிருக்கிறது, உடம்பு முழுக்கக் கீழே எட்டுகிறது, முகம் மட்டும் மேலே மலையைப் பார்க்கிறது. யாரோ முடியைப் பிடித்து இழுத்துவைத்த மாதிரி. உண்ணாமலைக்கு வெல்லம் தின்றதுபோல இருந்தது. இந்தக் குறை ஏன் வந்தது என்று ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்காதவரை முன்னி பேகத்தால் அதைச் சரிசெய்யவே முடியாது.

ஏழாம் நாள் பெரிய தேர். ஊரே வடத்தைப் பிடிக்கப் போயிருந்தது, மாதர் சங்கத்தில் ஆள் இல்லை. உண்ணாமலை போனபோது கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. முன்னி பேகம் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னாச்சும்மா?"

"ஒரு வாரமா எனக்கு நிம்மதி இல்லக்கா. எல்லாம் வந்துடுச்சு, இந்தக் கழுத்து வரல. நாலு தடவ பிரிச்சுட்டேன். தெனம் பாத்துப் பாத்து செஞ்ச உடம்பு, தப்பா இருக்காது. ஆனா மொகத்த மலைக்குத் திருப்பினா பொம்மை செத்துப் போவுது."

உண்ணாமலை பேசாமல் நின்றாள். பேசாமல் நின்றாலே போதும். ஆனால் பொம்மையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அதுதான் தப்பாகப் போயிற்று. அவளும் ஆறு வருஷம் பொம்மை செய்த கை. திருகின கழுத்தை அதற்குமேல் பார்க்கச் சகிக்கவில்லை.

"மேல பாக்கலம்மா அது," என்றாள். "கீழ பாக்குது."

"மலை மேலதானேக்கா இருக்குது?"

"மலைய யாரு பாத்தா."

முன்னி பேகம் அவளைப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள். பொம்மை நிற்கிற இடத்திலிருந்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

"என் ஜன்னலா?"

"உன் மேஜை."

"கதவத் தட்டியிருந்தா நானே காட்டியிருப்பேனே."

"அதுக்குத்தான் தட்டல."

தெருக்கோடியில் தேர் நகர்கிற சத்தம் கேட்டது.

"திருப்பட்டுமா?" என்றாள் முன்னி பேகம். "ஊரு சிரிக்கும்க்கா. யோசிச்சு சொல்லுங்க."

"திருப்பு. இப்படியே வெச்சா பொம்மைக்கு சுளுக்கு."

முன்னி பேகம் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகினாள். இடுக்கியால் கழுத்தைத் தொட்டு, கடுகளவு கீழே, கடுகளவு இடது பக்கம். அவ்வளவுதான். கை மலையைக் கும்பிட்டது, முகம் வேறெங்கோ மேய்ந்தது, கல்மேல் நின்றவள் சடக்கென்று உயிரோடு நின்றாள். முன்னி பேகத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சாயங்காலம் தேர் பார்த்துத் திரும்பின ஜனம் பெட்டிமுன் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாஞ்சாலை கூடையோடு முண்டியடித்து வந்தாள்.

"இன்னாமா இது? ஆறு நாளா சாமி கும்புட்டுனு இருந்தீங்க. இன்னிக்கு எங்கியோ பாக்கறீங்க?"

"ஆறு நாளும் அங்கதான்டி பாத்தேன்," என்றாள் உண்ணாமலை.

சிரிப்பு அவளைச் சுடவில்லை. அவளைச் சுட்டது வேறு. அந்தக் கழுத்து அத்தனை சரியாக இருந்தது. கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, முன்னி பேகத்தின் பக்கத்தில் போய், கழுத்துக்கு உள்ளே என்ன கம்பி வைத்தாய் என்று கேட்டாள்.

"பழைய கடிகாரச் சுருள்க்கா. அனல்ல காட்டினா எப்படி வேணா வளையும். நாளைக்கு வாங்க, ஒரு பிடி தர்றேன். கரண்டி அடிக்கறதும் காட்டறேன்."

கேட்ட உடனே, மறைக்காமல், இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். நம்மிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்று உண்ணாமலை யோசித்தாள். சொல்லியிருக்க மாட்டாள். அதற்கும் சேர்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடுதான் மறுநாள் பத்து மணிக்கு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய், முன்னி பேகத்தின் வாசல் கதவைத் தட்டினாள்.

உங்களுக்கும் இப்படி யார்மேலாவது வயிறு எரிந்திருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள். பொம்மையோ, கோலமோ, தையலோ, எதை எட்டிப் பார்த்தீர்கள், எப்படி மாட்டிக்கொண்டீர்கள்? வெட்கப்படாமல் நாலு வரி எழுதிப் போடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.