வால்டர் வீட்டு வாசலில் பட்டினி

காரிக்னான் ஊரின் கடல்வாசல் தெருவில் கோர்ம்லா வந்து உட்கார்ந்தபோது யாரும் அவளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலேயர் மதில் கட்டி ஆளும் ஊரில் பிச்சைக்காரிகளுக்கா பஞ்சம்? எதிரே மீன் கூடை வைத்திருந்த ஜோனெட் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு ரொட்டித் துண்டோடு எழுந்து வந்தாள்.

"இந்தா, சாப்பிடு. இந்த வாசல்ல உக்காந்தா ஒண்ணும் தேறாது. வால்டர் டாலன் எச்சிக் கையால காக்கா ஓட்டாத ஆளு."

"நான் பிச்சைக்கு வரல தாயி. பட்டினி கெடக்க வந்திருக்கேன்."

"பட்டினி கெடக்கவா? அதுக்கு மலையிலேர்ந்து எறங்கி வரணுமா? உங்க ஊர்லயே கெடந்திருக்கலாமே!" ஜோனெட் சிரித்துவிட்டு ரொட்டியைத் தானே தின்றாள். ஊருக்குள் மலைக்காரர்களின் மொழியான ஐரிஷ் பேசினால் தண்டனை என்று சட்டம் இருந்தது. மீன்காரிகளை அந்தச் சட்டம் எட்டவில்லை. ஹெர்ரிங் மீனை ஆங்கிலத்தில் மட்டும் கூவி விற்றால் பாதிக் கூடை நாறிப்போகும்.

ஊர்க்காரர்களுக்கு இந்தப் பட்டினி வேடிக்கை. மலைக்காரர்களுக்கு அதுதான் நீதிமன்றம். ஒருவன் அநியாயம் செய்தால், பாதிக்கப்பட்டவர் அவன் வாசலில் போய்ச் சாப்பிடாமல் உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும் வரை உள்ளே இருப்பவனும் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் அப்புறம் அவன் சொல்லை நாய்கூட மதிக்காது. வாசலிலேயே உயிர் போய்விட்டாலோ, செத்தவரின் குலமே தீப்பந்தத்தோடு இறங்கி வரும். அநியாயம் செய்தவன் தானாக வெளியே வந்து, ஒரு பொருளைப் பிணையாகக் கையில் கொடுத்து, நியாயம் செய்கிறேன் என்று சாட்சி வைத்துச் சொன்னால், பட்டினி கிடப்பவர் அவன் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிட்டால் வழக்கு தீர்ந்தது. பழியும் தீர்ந்தது.

கோர்ம்லா கேட்க வந்தது தன் மகன் ஃபெலிமின் உயிரை.

சுங்கவாசலுக்கு மேலே இருந்த சிறையில் அவன் கிடந்தான். ஊர் மாவு ஆலையை யாரோ கொளுத்திவிட்டார்கள். கொளுத்தியவர்கள் குதிரையேறிப் போய்விட்டார்கள். தூக்கில் போட ஊருக்கு ஒரு கழுத்து தேவைப்பட்டது. ஆலை எரிந்தபோது ஃபெலிம் மலையில் கன்று ஈனத் தவித்த பசுவின் பக்கத்தில் இருந்தான். அது கோர்ம்லாவுக்குத் தெரியும், பசுவுக்குத் தெரியும். இரண்டு பேர் சாட்சியும் மதிலுக்குள் செல்லாது.

பிடித்தது போகட்டும். பிடித்த விதம்தான் அவள் நெஞ்சை எரித்தது. திருவிழாச் சந்தைக்கு வா, என் வீட்டிலேயே தங்கு, உன்னை யாரும் தொடமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பியது வால்டர். அண்ணன் கூப்பிடுகிறான் என்று இடுப்புக் கத்தியைக்கூட வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கட்டி வெண்ணெயைத் துணியில் சுற்றிக்கொண்டு ஃபெலிம் கிளம்பிப் போனான். வால்டரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, வால்டரே கதவைத் திறந்து காவலர்களை உள்ளே விட்டான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

வால்டர் அவள் வயிற்றில் பிறந்தவன் இல்லை. அவன் தகப்பன் ஒயின் வணிகன். இந்தத் துறைமுகம் ஒரு காலத்தில் கோர்ம்லாவின் முன்னோருடையது. மதிலில் பாதிக் கல் அவர்கள் கோட்டையை இடித்து எடுத்த கல். அதனால் ஊர் வணிகர்களுக்கு மலையைப் பார்த்தாலே, கல்லைத் திருப்பிக் கேட்டு வருவார்களோ என்று பயம். மதிலைவிடப் பால் உறவு பலமான காவல் என்று கண்டுகொண்டு, கைக்குழந்தைகளை மலைக்காரப் பெண்களிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். வால்டர் ஒரு பக்கமும் ஃபெலிம் மறுபக்கமுமாகத்தான் அவளிடம் பால் குடித்தார்கள். வால்டர்தான் பேராசைக்காரன்; ஃபெலிமின் பங்கையும் சேர்த்துக் குடிப்பான்.

அவனுக்குப் பட்டினிச் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பொடியனாக இருந்தபோது ஒரு குதிரைக் குட்டி வேண்டும் என்று கோர்ம்லாவுக்கு எதிராகவே பட்டினி கிடந்தவன் அவன். குடிசை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கஞ்சியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே! தானும் சாப்பிடாமல் இருந்து பார்த்து, கடைசியில் போர்வையைக் குத்தியிருந்த மார்பு ஊசியைக் கழற்றிப் பிணையாகக் கொடுத்தாள். குட்டியும் கிடைத்தது. அந்தப் பிள்ளையை நம்பித்தான் இப்போது உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் ஆற்றைக் கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி? ஐரிஷ்காரர்களிடம் பிள்ளையை வளர்க்கக் கொடுப்பதையே அரசாங்கம் இப்போது குற்றமாக்கிவிட்டது. வால்டருக்கோ நகரத் தலைவர் நாற்காலி மேல் கண். போட்டிக்காரர்கள் அவனைப் பாதி ஐரிஷ்காரன் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அந்த வாயை அடைக்க அவன் ஃபெலிமைப் பிடித்துக் கொடுத்தான்.

நாட்கள் போயின. மழை பெய்தது, காய்ந்தது. கோர்ம்லாவின் உதடு வெடித்தது. ஜோனெட் சிரிப்பை விட்டு, பழைய பாய்மரத் துணியைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினாள்.

"எதுக்குக்கா இந்த வீம்பு? அவன் உள்ள நல்லா வறுத்துத் தின்னுக்கிட்டுத்தான் இருப்பான்."

"தின்ன மாட்டான். நான் வளத்த புள்ள."

"நீ வளத்தியா? இவனையா?" ஜோனெட் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத வெளிய சொல்லாத. ரெண்டு பேரையும் சேத்து வம்புல மாட்டி விட்ருவாங்க."

"நான் யார்கிட்டயும் சொல்லலயே. அவன் பேர் கெடக்கூடாதுன்னுதான் வாயத் தொறக்காம உக்காந்திருக்கேன்."

அன்று பிற்பகல் கதவு திறந்தது. மடத்துத் துறவி மலாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வால்டர் வெளியே வந்தான். ரோமம் வைத்த அங்கி, புதிதாகச் சிரைத்த முகம். ஆங்கிலத்தில் பேசினான், துறவி மொழிபெயர்த்தார்.

"இந்தப் பொம்பளைக்கு என்ன வேணும்னு கேக்கறார்."

கோர்ம்லா நிமிர்ந்து பார்த்தாள். "அவனுக்கு நான் பேசறது புரியும்னு சொல்லுங்க சாமி."

துறவி அதை மொழிபெயர்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"என் பையன் வேணும். உசுரோட வேணும்."

வால்டர் விரலிலிருந்து முத்திரை மோதிரத்தைக் கழற்றினான். ஃபெலிமைத் தூக்கில் போடமாட்டார்கள், காலையில் கடல்வாசலில் அவளிடம் ஒப்படைப்பேன், இந்த மோதிரம் பிணை, துறவி சாட்சி. இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, குனிந்து மோதிரத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான். வேலைக்காரி நீட்டிய கிண்ணத்தை வாங்கினான். மோரில் ஊறவைத்த ஓட்ஸ் ரொட்டி. தன் கையாலேயே எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவ்வளவு கிட்டத்தில் வந்தபோது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஐரிஷில் சொன்னான்:

"சாப்புடும்மா. நானும் இத்தன நாளா சாப்புடல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை எங்கே போனாலும் பிள்ளைதான் என்று நினைத்தாள். ரொட்டியை வாங்கித் தின்றாள். பசித்த வயிறு, அவசரத்தில் மோர் தாடையில் வழிந்தது. அவள் கடைசி வாய் விழுங்கும் வரை வால்டர் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்திருப்பாள். அதற்குள் துறைமுகப் பாறை மேல் இருந்த கோட்டையில் மணி அடித்தது. கோட்டைப் பக்கம் போயிருந்த ஜோனெட் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா... உன் பையன் பேரு ஃபெலிமா?"

"ஆமா. காலைல விடப்போறாங்க."

ஜோனெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டையில் அடித்தது தூக்கு மணி.

மாடி ஜன்னல் திறந்தது. வால்டர் கீழே நின்ற துறவியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். துறவி மலாக்கியின் முகம் செத்துப் போயிருந்தது.

"நான் சத்தியமா இது தெரியாமத்தான் சாட்சிக்கு வந்தேன் தாயே. நீ பிணை வாங்கிச் சாப்ட்டதுக்கு நான் சாட்சின்னு சொல்றார். அதனால உங்க சட்டப்படி வழக்கு முடிஞ்சதாம். மலைக்காரங்க இந்த வீட்டு மேல பழி கேக்க முடியாதாம்."

தூக்குக்குக் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊர்ச் சட்டத்தால் தம்பியைக் கொன்றான், மலைச் சட்டத்தால் தன் கூரையைக் காப்பாற்றிக்கொண்டான். அவள் மடியில் கற்ற சட்டம் அது. பாம்புக்குப் பால் வார்த்தாலும் அது பாம்பு மாதிரிதான் கொத்தும். இப்படி வக்கீல் மாதிரி கொத்தாது.

கோர்ம்லா விரலை வாய்க்குள் விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தாள். ரொட்டி வரவில்லை. பட்டினி கிடந்த வயிறு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மகன் கயிற்றில் தொங்கிய நேரத்தில் தான் மோரில் ரொட்டி தின்றுகொண்டிருந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"சாப்ட்டேன் சாமி," என்றாள். "இல்லன்னு சொல்ல மாட்டேன். பழி கிடையாது. பொணத்தயாவது குடுக்கச் சொல்லுங்க."

மடத்து வண்டியில் ஃபெலிமைக் கொண்டுவந்தார்கள். மடம் மதிலுக்கு வெளியே. வண்டி கடல்வாசல் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வால்டர் வீட்டுக்கு நேராக வந்ததும் கோர்ம்லா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள். மகன் தலைமாட்டில் நின்று ஒப்பாரியைத் தொடங்கினாள்.

ஃபெலிமின் பேரைச் சொன்னாள். அவன் கன்றுகளை, அவன் சிரிப்பை, துணியில் சுற்றிக்கொண்டு போன வெண்ணெயைச் சொன்னாள். தெரு கூடிவிட்டது. ஐரிஷே தெரியாது என்று சத்தியம் செய்யும் வணிகர் வீட்டுப் பெண்கள்கூட தலைத்துணியால் கண்ணைத் துடைத்தார்கள். போட்டிக்காரர்கள் இரண்டு பேர் கடைவாசலுக்கு வந்து நின்றார்கள்.

ஒப்பாரி நிற்கவில்லை. இன்னொரு பிள்ளைக்குத் திரும்பியது. வலது மார்பில் குடித்தவனே, தம்பி பங்கையும் குடித்தவனே, இருட்டுக்குப் பயந்து என் போர்வைக்குள் வந்தவனே, ஐரிஷில் முதல் சொல் பேசியவனே, குதிரைக் குட்டிக்காக என் வாசலில் பட்டினி கிடந்தவனே, உன்னையும் இன்றைக்கே சாவுக்குத் தூக்கிக் கொடுத்தேனே என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் ஒருத்தி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல ஒரு பொணம்தானே இருக்கு? ரெண்டாவது புள்ள எங்கம்மா?"

கோர்ம்லா கையைத் தூக்கி மாடியைக் காட்டினாள்.

"அதோ, ஜன்னல்ல நிக்குது."