பச்சையாகவே இருக்கும் சந்து

...இன்னும் பச்சைதான், கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும் போனில் எங்கள் சந்து பச்சையாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே என் கணுக்கால் தண்ணீரில் நிற்க, தண்ணீரே இல்லை என்கிறது வரைபடம்... யாருடைய வரைபடம்? என்னுடையதுதானே, நகராட்சி தன் தண்ணீர் அளவுகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டபோது, அவர்களோடு உட்கார்ந்து வறுத்த தெம்பே சோயாத் துண்டுகளைத் தின்றுகொண்டே சந்துக்காரர்கள் நாங்களும் சேர்ந்து செய்த படகுச் சேவை, சந்துக்கொரு சுவரில் மாட்டிய அளவுப் பெட்டியைத் தண்ணீர் தொட்டால் வரைபடத்தில் அந்தச் சந்து சிவக்கும், சிவந்தால் படகு வரும், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம், என்ன பெருமை எனக்கு! இதோ அந்தியில் கடல் ஓதம் ஏறுகிறது, பக்கவாதத்தில் விழுந்த அக்கா விந்தார்த்தியைத் தூக்கிக்கொண்டு என்னால் ஓரடி நடக்க முடியாது, படகு வந்தே ஆகவேண்டும். படகு அனுப்புகிற நுக்ரோஹோவுக்குப் போன் போட்டேன். "உங்க சந்து காஞ்சு கெடக்குதேக்கா, பச்சை காட்டுது." காய்ந்து கிடக்கிறதாம்! "இங்க வந்து உன் காலை வச்சுப் பாருடா!" என்றேன். "படகெல்லாம் சிவப்புக்குப் போயிருச்சு. நீங்க போட்ட விதிதானேக்கா?" கட்டிலில் அக்கா பாதி வாயால் சிரிக்கிறாள், "உன் பச்சையில மீன் நீந்துதுடி."

பெட்டி செத்துவிட்டதா? எதிர்வீட்டு தர்சோனோ அண்ணனைச் சன்னல் வழியாகக் கூப்பிட்டேன், அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தொழுகைக்கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தார். "பெட்டி ஜோரா இருக்கும்மா. ஒவ்வொரு தடவை தரையை ஒசத்துறப்பவும் அதையும் மேல ஏத்தி மாட்டிருவோம்ல. சர்க்கார் பொருளு, நனைஞ்சா பாவமில்ல?" ஐயோ, நல்ல மனசே... ஊர் மண் கடலில் முழுகமுழுக நாங்கள் தரையை உயர்த்துகிறோம், கதவில் குனிந்து நுழைகிறோம், பெட்டி மட்டும் கூரையோரம் சொகுசாகக் காய்கிறது. பக்கத்துச் சந்திலும் நல்லவர்கள்தான், அதுவும் பச்சை, அதற்கடுத்ததும்... அப்படியென்றால் எதுதான் சிவப்பு? விரலால் தள்ளிப் பார்க்கிறேன். கடலை ஒட்டிய சந்துகள், எல்லோரும் எழுந்து போய்விட்ட, கூரையில் நாரை குந்தியிருக்கும் சந்துகள். பெட்டியை ஏற்றி மாட்ட அங்கே ஒரு கையும் இல்லை. தூரத்தில் மோட்டார் சத்தம், ஒலிபெருக்கி, "யாராச்சும் இருக்கீங்களா?" இத்தனை நாளும் அங்கேதான் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களா, இருண்ட சன்னல்களைப் பார்த்து? "இருக்கோம்" என்கிறாள் அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல.

"அண்ணே, அதைக் கழட்டித் தண்ணியில முக்குங்க!" தயங்கினார், பிறகு முக்கினார், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. சந்து சிவந்தது. காலிச் சந்துகளின் அதே சிவப்பு, பக்கத்தில் வைத்தால் எது எங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை... மோட்டார் இந்தப் பக்கம் திரும்புகிறது, திரும்புகிறதுதானே? சந்து முனையில் ஒரு முறை கூப்பிடுவது, பதில் இல்லையென்றால் அடுத்த சந்து, அதுவும் நான் போட்ட விதிதான். பதிலே வராத வீடுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகியவர்கள், காது கொடுத்தா கேட்பார்கள்? "யாராச்சும் இருக்கீங்களா?" ஒலிபெருக்கி கூப்பிடுகிறது. "இருக்கோம்!" கத்துகிறேன், அண்ணனும் கத்துகிறார், மோட்டார் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.