படகு நிறைய நாகபூசணி

வேலணை நாகபூசணிக்கு வந்த சம்பந்தத்தில் சாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை தில்லைநாதனையும் அவளுக்குப் பிடித்திருந்தது. வாசிகசாலை விழாவில் அவன் ஒலிபெருக்கியோடு பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்த நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று. இடித்தது ஒன்றுதான். நாரந்தனையிலிருந்த அவன் தாயின் பெயரும் நாகபூசணி.

“மாமிக்கும் மருமேளுக்கும் ஒரே பேர் சரிவராதாம், பிள்ளை,” என்றார் தரகர் ஐயாத்துரை. “சறோஜினிதேவி எண்டு மாத்தினால் உடனை நாள் வைக்கலாமாம்.”

“நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்து பெத்து, அவவின்ர பேரை எனக்கு வைச்சவை. மாத்த ஏலாது. வேணுமெண்டால் மாமியோடை நானே கதைக்கிறன்.”

தரகர் தலையில் கை வைத்தார். ஆனாலும் கோயிலில் பெண் பார்ப்பது வழக்கம்தானே என்று, நயினாதீவு அம்மாளின் ஆனித் திருவிழாவுக்குப் போகும் படகில் இரண்டு பகுதியையும் ஏற்றிவிட்டார்.

படகில் மூச்சுவிட இடமில்லை. கரையில் நின்ற ஒருவர், “நாகபூசணி, குடையை விட்டிட்டுப் போறாய்!” என்று கத்தினார். ஏழெட்டுத் தலைகள் ஒன்றாகத் திரும்பின. படகே சிரித்தது.

“நான் பிறந்த அண்டு கூரையிலை நாகம் கிடந்ததாம். அதுதான் இந்தப் பேர்,” என்றாள் ஒருத்தி.

“நாகத்தை நகையாய்ப் போட்டவள் எண்டு கருத்து. எனக்கு ஒரு தோடு வாங்கித்தரத்தான் ஆளில்லை,” என்றாள் இன்னொருத்தி.

குடைக்காரி, “எனக்கு மூத்தது நாலும் பெட்டையள். வேறை பேர் யோசிக்க அப்பருக்குப் பஞ்சி, அலுத்துப்போச்சு,” என்றாள்.

தில்லைநாதனின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் திரும்பிப் பார்த்தவள்தான். நாகபூசணி நெரிசலுக்குள் நகர்ந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“மாமி, உங்களை ஆர் பேர் சொல்லிக் கூப்பிடுறவை?”

தாய் யோசித்தாள். “அவர் ‘இஞ்சாரும்’ எண்டுவார். ஊருக்கு நான் தில்லையின்ர அம்மா.”

“அப்ப பேர் சும்மாதானே கிடக்குது. நான் பாவிக்கிறன்.”

“பகிடி விடாதையும். தாயின்ர பேரைச் சொல்லி அவன் மனிசியை என்னெண்டு கூப்பிடுறது?”

“மாமா உங்களைக் கூப்பிடுற மாதிரித்தான். ‘இஞ்சாரும்’.”

“நான் ஏசேக்கை?”

“உங்கட பேர்தானே மாமி, பார்த்து ஏசுவியள்.”

தாய் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாகபூசணி தன்னையே நொந்துகொண்டாள். வாய் கூடிவிட்டதோ? தில்லைநாதன் கைநழுவிப் போய்விட்டானோ?

நயினாதீவில் படகு இடித்து நின்றதும் சனம் முண்டியடித்தது. முதலில் இறங்கிவிட்ட தாய் இறங்குதுறையில் நின்று திரும்பிக் கையை நீட்டினாள்.

“நாகபூசணி, என்ர கையைப் பிடியும்!”

படகிலிருந்து நாலைந்து கைகள் ஒன்றாக நீண்டன.

“நீங்களில்லை! என்ர மருமேள்!” என்று அவள் போட்ட சத்தத்தில், பின்னால் நசுங்கிக்கொண்டிருந்த தரகரின் முகம் மலர்ந்தது.