கேட்காதவர்களின் விலை

"எங்க அப்பாவுக்குக் கேஸ் காலன் நாலு டாலர் பத்தொன்பது சென்ட். ஏரிக்கரை ரிசார்ட்டுக்கு ஒண்ணு எண்பத்தெட்டு. ஏன்னு சொல்லுங்க எல்டன். சொல்லிட்டு, அப்பாவோட விலையைக் குறைங்க."

பிரிட்டா நின்றுகொண்டே கேட்டாள். உட்கார்ந்தால் தன் குரலும் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இதைக் கேட்கவே கூடாது என்று இரண்டு பேர் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவர், காபிக் கோப்பையை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த எல்டன். கேஸ் கம்பெனியின் முதலாளி. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "ஃபோனை எடு, பில்லைப் போடு, லாரிக்கு வழி சொல்லு. ஒருத்தர் விலையை இன்னொருத்தர்கிட்டச் சொல்லாதே. ஏன் ஆளுக்கொரு விலைன்னு என்கிட்டயும் கேக்காதே."

இன்னொருவர் அவளுடைய அப்பா வெர்னன். "எல்டன்கிட்ட விலை பேசிடாதேடி. தொண்ணூத்தாறு பனிப்புயல்ல, நீ பொறக்கறதுக்கு முன்னாடி, ரோடு எங்க இருக்குன்னே தெரியாதப்போ லாரியை டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்து நிரப்பிட்டுப் போனவன். அவன்கிட்டப் போய் என்ன விலைன்னு கேக்கறது, உன்னை நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி."

மிச்சிகனின் வடக்குக் காட்டுக்குள், வீட்டைச் சூடாக்கும் கேஸ் குழாயில் வராது. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் கொழுத்த பன்றி போல ஒரு வெள்ளை டேங்க் படுத்திருக்கும். நிலம் நம்முடையது, டேங்க் கம்பெனியுடையது. கம்பெனி லாரியைத் தவிர வேறு யாரும் அதில் குழாயை மாட்ட முடியாது. பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போகலாம்தான், வசந்தத்தில். ஜனவரியில் பாறையாகக் கெட்டிப்பட்ட மண்ணில் புது டேங்க் வைக்க எவனும் வரமாட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு. பின்னறைகள் இரண்டையும் அப்பா அடைத்துவிட்டிருந்தார். கதவில் போர்வை அடித்து, கட்டிலைச் சமையலறைக்கே இழுத்துப் போட்டாயிற்று. ஹீட்டர் ஐம்பத்தைந்து ஃபாரன்ஹீட்டில். அந்தச் சூட்டில் வெண்ணெய் கத்திக்கு வளையாது, ரொட்டிதான் கிழியும். அம்மா ஜாய்ஸ் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. நவம்பரிலிருந்து அவளுக்கு இரண்டு முறை மார்ச்சளி. வீட்டை அறுபத்தெட்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி போட்டார். விறகு அடுப்பு வைக்க வழியில்லை. முப்பது வருஷம் மரம் அறுக்கும் மில்லில் தூளைக் குடித்த நுரையீரல் அவருக்கு, புகை ஆகாது. தினமும் காலையில் டேங்க் மூடியைத் தூக்கி முள்ளைப் பார்த்துவிட்டு வந்து எண்ணைச் சொல்வார். அன்றைக்கு மிச்சம் இருபத்திரண்டு சதவீதம்.

மறுநாள் ஆபீசில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து அப்பா பெயரைத் தேடினாள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து. அது லாரி போகும் தடத்தின் பெயர் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கணக்கியல் படித்த பட்டதாரி! குடும்பத்திலேயே முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள்! தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ரிசார்ட்டுக்கு ஏ. கோடையில் மட்டும் வருகிற ஏரி வீட்டுக்காரர்களுக்கு பி. கடைகளுக்கு சி. அப்பாவுக்கு டி. டி மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாக்கி வைப்பவர்களாக இருக்கும் என்று பார்த்தால், ஒருவர்கூட இல்லை. பில் போன மூன்றாம் நாள் செக் அனுப்புகிறவர்கள் அத்தனை பேரும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்ச்சில் சூப் காய்ச்சுகிறவள், மர மில் தொழிலாளிகளின் விதவைகள்.

அந்த வாரம் முழுக்க அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அலைந்து, வெள்ளிக்கிழமை காலையில் எல்டன் முன்னால் வந்து நின்றாள்.

"உக்காரு பொண்ணே."

"நிக்கறேன்."

"சரி, நில்லு." எல்டன் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். "ரிசார்ட்காரன் வருஷத்துக்கு நாலு தடவை ஃபோன் பண்ணிக் கத்தறான். ஏரி வீட்டுக்காரங்க மூணு கம்பெனியில விசாரிச்சுட்டுத்தான் என் வாசலுக்கே வர்றாங்க. குறைக்கலைன்னா போயிடுவாங்க. உங்கப்பா முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

"அப்போ டி-ன்னா?"

"கேக்காதவங்க."

வெட்கமே இல்லாமல் சொன்னார். ஏதோ முட்டையில் பெரியது சின்னது பிரிப்பது மாதிரி.

"நான் யாரையும் ஏமாத்தலை பிரிட்டா. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொன்னதே கிடையாது. கேட்டா குறைப்பேன். அதுதான் இந்த ஆபீஸ் சட்டம்."

"கேக்கறது அசிங்கம்னு நினைக்கறவங்க அவங்க. அது உங்களுக்கே தெரியும்."

"அதை அவங்களுக்கு நானா கத்துக்கொடுத்தேன்? உங்க பாட்டன் பூட்டன் பின்லாந்துலேருந்து கப்பல்ல ஏத்திட்டு வந்தது." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் தட்டினார். டி போயிற்று, பி வந்தது. "ரெண்டு முப்பது. போதுமா? மத்தியானமே லாரி அனுப்பறேன். இது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்."

பிரிட்டா "தேங்க்ஸ்" என்றாள். சொன்ன பிறகு, அந்தச் சொல்லைத் துப்பிவிட வேண்டும் போலிருந்தது.

மத்தியான இடைவேளையில் பதினாலு மைல் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லாரி அப்போதுதான் வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா டேங்க் பக்கத்தில், கையுறைகூட இல்லாமல், ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கூப்பிடவே இல்லையே, எப்படி வந்தான்? இதுல விலை வேற தப்பாப் போட்டிருக்கான். ரெண்டு முப்பதாம். அவன் நஷ்டப்படப் போறான், ஃபோன் பண்ணிச் சொல்லணும்."

"தப்பில்லைப்பா. நான் கேட்டேன்."

அவர் அவளைப் பார்க்காமல் உள்ளே நடந்தார். உள்ளே அம்மா, ஹீட்டரை ஏற்றிவிட்டு, தரையில் சூடு வரும் கம்பிவலை மேல் காலுறையோடு நின்றுகொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றியிருந்தாள். தலைமுடி மண்டையோடு ஒட்டிப்போயிருந்தது.

"அறுபத்தெட்டு, பிரிட்டா! அடுப்பு மேல நிக்கற மாதிரி இருக்கு."

"குறைடி அதை," என்றார் அப்பா. "இவ போய் எல்டன்கிட்டக் கையேந்திட்டு வந்திருக்கா."

"கையேந்தலைப்பா! எல்லாருக்கும் ஒரு விலை, உங்களுக்கு ஒரு விலை. நீங்க மரியாதைன்னு நினைச்சு வாயை மூடிட்டு இருந்தீங்க. அவர் அதுக்கு ஒரு எழுத்துப் போட்டுப் பட்டியல்ல எழுதி வெச்சிருக்கார்."

"எனக்கு மட்டுமா அந்த எழுத்து?"

பிரிட்டா கையுறைகளைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"வேற யாருக்கெல்லாம்?"

"சொல்லக் கூடாதுப்பா."

"லெம்பிக்கு?"

லெம்பி இரண்டு மைல் தள்ளித் தனியாக இருக்கும் எண்பது வயதுக் கிழவி. பிரிட்டா மேஜை விரிப்பைப் பார்த்தாள். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

"அவ புருஷன் என்கூட ஒரே ரம்பத்துல நின்னவன். அவ நாலு பத்தொன்பது குடுத்துட்டு நடுங்கிட்டுக் கிடக்க, பொண்ணு ஆபீஸ்ல இருக்கான்னு நான் ரெண்டு முப்பதுல காலை நீட்டிட்டு உக்காரணுமா? பழையபடி மாத்தச் சொல்லு. மிச்சப் பணத்துக்கு நான் செக் எழுதித் தர்றேன்."

"வெர்ன்." அம்மா கம்பிவலையை விட்டு நகரவில்லை. "அவ்வளவு மானம் இருக்கில்ல? அதைக் கொண்டுவந்து ஹீட்டருக்குள்ள போட்டுக் கொளுத்துங்க. எத்தனை டிகிரி வருதுன்னு பாக்கலாம்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, சுவரைப் பிடித்து, நீளமாக இருமினாள். அப்பா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

திரும்பி ஓட்டிவரும்போது பிரிட்டாவுக்கு யார் மேல் கோபம் என்றே பிடிபடவில்லை. அப்பா கொழுப்பெடுத்தவர். எல்டன் சிரித்துக்கொண்டே தோலை உரிப்பவர். இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கணக்கை முப்பத்தோரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் கேட்காமலும் ஒருவர் சொல்லாமலும். இதில் எண்களைப் படித்தவள் அவள் ஒருத்திதான். தன் வீட்டுக்கு மட்டும் குறைத்து வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் லெம்பிக்கு நாலு பத்தொன்பதில் பில் அடிக்கப்போகிறவளும் அவள்தான்.

மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது.

"கண்ணு, லெம்பி பேசறேன். தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோ. முள்ளு பத்துக்கு வந்துடுச்சு. நூறு காலன் மட்டும் போடச் சொல்றியா? அதுக்குக் கம்மியா தரமாட்டீங்கன்னு தெரியும்."

"அனுப்பறேன் பாட்டி. விலை..."

"வேண்டாம் வேண்டாம், சொல்லாதே. தெரிஞ்சா ராத்திரி தூக்கம் வராது. பில்லுல வரும்போது பாத்துக்கறேன்."

பிரிட்டா கதவைப் பார்த்தாள். எல்டன் பின்பக்கம் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பாட்டி, என்கிட்ட ஒண்ணு கேளுங்க. விலை குறையுமான்னு கேளுங்க."

"ஐயோ, அது எப்படிக் கேக்கறது? எல்டன் என்ன நினைப்பான்?"

"எல்டன்தான் சொன்னார், கேட்டா குறைப்பேன்னு. கேளுங்க பாட்டி. ஒரு வார்த்தை."

அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, சின்ன வயதில் திருடி மாட்டிக்கொண்டவள் போன்ற குரலில்: "விலை... கொஞ்சம் குறையுமா கண்ணு?"

"குறையும் பாட்டி. ரெண்டு முப்பது."

"என்னது? ரெண்டா?" லெம்பி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. "அப்போ நான் இத்தனை வருஷமா...?" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "சரி, நீ வேலையைப் பாரு," என்று வைத்துவிட்டாள்.

பிரிட்டா எழுத்தை மாற்றினாள். பட்டியலில் அடுத்த டி-யைக் கூப்பிட்டாள். பஸ் ஓட்டியவர். கேட்க வைப்பதற்குள் நாலு நிமிஷம் ஆயிற்று. "இது உங்கப்பன் பண்ற விளையாட்டா?" என்றார். கேட்டார். மாற்றினாள். மூன்றாவது எண்ணை அழுத்திக்கொண்டிருந்தபோது ஒரு கை வந்து ஃபோனை வைத்தது.

"என்ன பண்றே?"

"கேட்டாங்க. குறைச்சேன். உங்க சட்டம்."

"கேட்டாங்களா? நீ கேக்க வெக்கறே!" எல்டனின் முகம் முதல்முறையாகச் சிவந்தது. "இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் குறைச்சா மார்ச்சுல இந்த இடத்தைப் பூட்டணும், தெரியுமா? அப்புறம் வெளியூர்க்காரன் எவனாவது வந்து வாங்குவான். ஃபோனை மிஷின் எடுக்கும். புயல்ல எவன் டிராக்டர் கட்டி இழுத்துட்டு வருவான்னு நினைக்கறே?"

அதில் பாதி நிஜம் என்று அவளுக்குத் தெரியும், கணக்கைப் பார்த்தவள் அவள். ரிசார்ட்டுக்குப் போகும் கேஸில் லாபம் என்று ஒன்றும் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பது லெம்பியின் செக்தான்.

"ரிசார்ட்டுக்கு ஏத்துங்க."

"போயிடுவான்."

"போகட்டும். அங்க வர்றவங்க குளிக்கற வெந்நீர்த் தொட்டியை மூடிட்டா அவனுக்கு மார்ச்சளி வராது."

எல்டன் மூச்சு விட்டார். குரலைத் தணித்தார். "இங்க பாரு. உனக்குப் படிப்புக் கடன் இருக்கு. இந்த ஊர்ல இன்னொரு ஆபீஸ் வேலை கிடையாது. ஃபோனைத் தொடாம உக்காந்தா இதை நான் மறந்துடறேன். இல்லைன்னா உங்கப்பா எழுத்தை இப்பவே பழையபடி மாத்திடுவேன்."

அம்மா கம்பிவலை மேல் நிற்பது அவள் கண்முன் வந்தது. இன்றைக்கு ஊற்றிய கேஸ் மார்ச் வரை தாங்கலாம், ஐம்பத்தைந்தில் வைத்தால். அறுபத்தெட்டில் வைத்தால் தாங்காது. ஆனால் லெம்பியின் ஃபோனுக்கும் பஸ் ஓட்டியவரின் ஃபோனுக்கும் நடுவில் எங்கேயோ அவள் முடிவெடுத்து முடித்துவிட்டிருந்தாள். இப்போது இருப்பது கோட்டை மாட்டுகிற வேலை மட்டும்தான்.

"மாத்திக்கோங்க," என்றாள். "அப்பாவே அதைத்தான் சொல்லி அனுப்பினார்."

ஆபீஸ் சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தாள். பட்டியலைத் தொடவில்லை, பிரிண்டும் எடுக்கவில்லை. அதற்கு அவசியமே இல்லை. வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஊர்க்கூடத்தில் மீன் வறுப்பார்கள். டி எழுத்துக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். ஒரு தட்டு மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு, வீட்டு ஹீட்டரைக் குறைத்துவிட்டு வந்த தெம்பில், கூடத்துச் சூட்டில் ஏழு மணி வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எல்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க போறே?"

"மீன் சாப்பிட."

"பிரிட்டா, அங்க போய் என் விலையைப் பேசினே, கோர்ட்டுக்கு இழுப்பேன்."

"உங்க விலையைப் பேசமாட்டேன். எழுந்து நின்னு, எல்லாரும் திங்கக்கிழமை எல்டனைக் கூப்பிட்டு விலை கேளுங்கன்னு மட்டும் சொல்லுவேன். அதுக்கு எந்தக் கோர்ட்டு?"

அவர் ஏதோ சொன்னார். அவள் கோட்டின் ஜிப்பைத் தாடை வரை இழுத்து, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கினாள்.