ட்ராலி இல்லாத நடை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் கிடைத்தது. சிதறிக் கிடந்த ட்ராலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நீளமாகத் தள்ளிக்கொண்டு போனார் ஒருவர். உள்ளே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர், பாதி வழியில் நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவ்வளவு போதும், மிச்சத்தை நானே கட்டிவிடுவேன்.

முதல் வரி: விதி அவர் முதுகில் ஏறி உட்கார்ந்த அன்று வானம்...

சே! விதிக்கு வேறு வேலை இல்லையா? அந்த வரியை அடித்தாயிற்று.

2

அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன். நல்லவள், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"கடையில நாள் பூரா வண்டி தள்ளுறீங்க. என்கூட நாலு எட்டு நடந்தா மட்டும் கால் மரத்துப்போகுதாக்கும்?"

"சத்தியமா மரத்துப்போகுதுடி."

"நல்லா நடிக்கிறீங்க!" விறுவிறுவென்று முன்னே போய்விட்டாள்.

(எனக்கும் சந்தேகம்தான். வேலையில் வராத வலி வீட்டுக்காரியைக் கண்டதும் வருமா? இந்த ஆளை நம்பிக் கதை எழுதலாமா?)

வலியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் நம்பவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

3

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்தார்.

"வண்டி எப்படித் தள்ளுவீங்க? செஞ்சு காட்டுங்க."

அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக் குனிந்தார். வலி இல்லை. நிமிரச் சொன்னார் டாக்டரம்மா. சற்று நேரத்தில் முகம் சுருங்கியது.

"இடுப்புக்கிட்ட நரம்பு போற வழி குறுகிப்போச்சு. குனிஞ்சா கொஞ்சம் விரியும், நிமிர்ந்தா நெருக்கும். அதான் வண்டி தள்ளும்போது தெரியல. முதல்ல பயிற்சி, மாத்திரை. கேக்கலேன்னா ஆபரேஷன்."

கூட வந்திருந்த மனைவிக்கு முகம் செத்துப்போயிற்று. "அட மனுஷா, குனிஞ்சா வலிக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவரையே திட்டினாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

(நானும் என் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

4

பயிற்சியும் மாத்திரையும் கேட்கவில்லை. ஆபரேஷன் நடந்தது. இப்போது ஆஸ்பத்திரி வராந்தா. பயிற்சி கொடுக்கும் பெண் அவர் பிடித்திருந்த வாக்கரை வாங்கி நகர்த்தி வைக்கிறாள்.

முதல் முடிவு: அவர் ஓடுகிறார். (சினிமா. வேண்டாம்.)

இரண்டாவது: பாதி வழியில் கால் மறுபடி... (எழுதக் கை வரவில்லை.)

வராந்தாவின் அந்தக் கோடியில், எப்போதும் முன்னே போய்விடுகிறவள் நிற்கிறாள்.

"குனியாம வாங்க. அவசரமில்ல, நான் எங்கயும் போகல."

முதல் எட்டு வைத்துவிட்டார். அது என் பொறுப்பு, செய்துவிட்டேன். மற்றதை நீங்கள் நடத்துங்கள். நடுவில் எத்தனை முறை உட்கார வைத்தாலும் சரி. அவளை மட்டும் அங்கிருந்து நகர்த்தாதீர்கள்.