இரட்டைக் கோப்பை

குவாபரா தன் மூக்கை நம்பவில்லை. எதிரே பளபளத்த எஃகுத் தண்ணீர் ஜாடியைத்தான் நம்பினான்.

ஜாடியின் வளைவில் ஓரியேயின் முகம் தெரிந்தது. ஹொக்கைடோவின் அந்த விஸ்கி ஆலையில் அடுத்த தலைமைக் கலவையாளர் அவனா, அவளா? இன்று காலை தெரிந்துவிடும். இருவருக்கும் ஒரே பீப்பாய்களைக் கொடுத்திருந்தார்கள். கலந்த விதத்தில் மயிரிழைதான் வித்தியாசம். யாருடையது எது என்று தெரியாமல், சொந்தச் சரக்குக்கும் சேர்த்தே மதிப்பெண் போட வேண்டும்.

முதல் இரண்டு கோப்பைகள் மூக்கைத் தயார்ப்படுத்த. ஒன்று புகை மணம், மற்றது ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது.

"காயத்துக்குக் கட்டுப் போட்ட துணி மாதிரி நாறுதுய்யா முதல் கோப்பை!" என்றார் கிடங்குக்காரர் தொகுஜி, மூன்றாவது நடுவர்.

"வாயை மூடுங்க, மூக்கைத் திறங்க" என்றார் இயக்குநர் மினெகிஷி. சிரிப்பு.

மூன்றாவது கோப்பை. ஊதுபத்தி வாசம், பின்னால் தேன். ஜாடியில் தெரிந்த ஓரியே தன் கோப்பையை முகர்ந்தாள். மலர்ந்தாள்.

அகப்பட்டாள்! அவளுடையது. பத்துக்கு நாலு என்று எழுதினான் குவாபரா.

நாலாவதில் அவள் முகம் கல். எதற்கு வம்பு என்று ஆறு போட்டான். ஐந்தாவதில் முகம் சுளித்தாள், மறுபடி உறிஞ்சினாள், மறுபடி சுளித்தாள். பிடிக்கவில்லை. அப்படியென்றால் என்னுடையது! ஒன்பது.

"குவாபரா, மூணாவதுக்கு நாலுதானா? ஏன்?" என்றார் மினெகிஷி.

"ஊறிப்போன பலகை சார். கத்துக்குட்டி கலந்தது. வாயைக் கொப்பளிக்கணும் போல இருந்துச்சு."

ஓரியே தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்கு இனித்தது.

"அஞ்சாவது?"

"அது விஸ்கி சார். ஆழம். நிதானம்."

மினெகிஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"உங்க மூக்கைச் சோதிக்க ஒரு சரக்கை ரெண்டு தடவை வச்சிருந்தேன். மூணும் அஞ்சும் ஒண்ணுதான்."

தொகுஜி இருமினார்.

"அதான் குழம்பிட்டேன்!" என்றாள் ஓரியே. "அஞ்சாவதைக் குடிச்சா, இப்பதானே குடிச்சோம்னு தோணுச்சு. ரெண்டுக்கும் எட்டு போட்டேன். யாரோடது சார்? ரொம்ப அழகா இருந்துச்சு."

"குவாபராவோடது."

கொப்பளிக்க வேண்டிய பலகை, அவனே எட்டு மாதம் கலந்த பலகை! மேசைக்குக் கீழே போய்விட முடியுமா என்று பார்த்தான். இடம் இல்லை.

இரட்டைக் கோப்பையில் தடுமாறினவரின் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது ஆலையின் விதி. மினெகிஷி கிழித்தார். மற்ற இருவரின் மதிப்பெண்ணைக் கூட்டினார். குவாபரா ஜெயித்திருந்தான், ஓரியே போட்ட எட்டால்.

"சளி பிடிச்சிருக்கா குவாபரா?" மினெகிஷி அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "சளியா இருந்தா யாருக்கும் இப்படி ஆகும்."

தப்பிக்க வழி விட்டார். சளி இல்லை சார், இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எழுதினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"ஆமா சார்" என்றான். "நேத்துலேர்ந்து."

"அடடா, சொல்லக் கூடாதா சார்?" ஓரியே ஓடிப்போய் இஞ்சி போட்ட வெந்நீரோடு வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள். "சூடா குடிங்க, தலைவரே. மூக்குதானே நம்ம சொத்து."

இஞ்சி, அதில் கரைந்த துளி தேன், அவள் கையில் சோப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாக மணத்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவாபரா மூக்கை உறிஞ்சிக் காட்டினான்.