துடைத்து வைத்த ஏ.சி.

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. என் வீட்டு ஏ.சி. புகைந்துபோனபோது காப்பீட்டுக்காரர்கள் கொடுத்த படிவம். ‘சேதம் எப்படி நேர்ந்தது? சுருக்கமாக எழுதவும்’ என்று தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். சுருக்கமாக எழுத வந்தால் நான் ஏன் கதை எழுதப்போகிறேன்? பதினொரு தாள் இணைத்தேன். ‘நம்பும்படி இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபது வருஷமாக எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? அந்த ரோஷத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: [குளியலறைக் கதவுக்குப் பின்னால், நீல வாளியில், ஏ.சி.யின் கருகிய சர்க்யூட் போர்டு சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த—]

வேண்டாம். அழுக்கு வாளியைக் காட்டியா வாசகரை வரவேற்பது? அடித்துவிட்டேன். நீங்களும் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

2

தொடக்கம் இரண்டு. இது சுத்தமானது: சர்வேயர் மாடிப்படி ஏறினார்.

காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தைப் பார்த்து, படம் பிடித்து, எழுதிக் கொடுக்கிறவர் அவர். அலுவலகத்தில் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்களையே பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் அவருக்கு முதலில் வருவது கொட்டாவிதான்.*

அறைக்குள் நுழைந்தவருக்கு அந்தக் கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. மின்சாரம் எகிறி, ஏ.சி. தீப்பிடித்து, சுவர் முழுக்கக் கரி என்று மனுவில் இருந்தது. இங்கே சுவர் பளிச்சென்று இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. ஏ.சி.க்குப் பூப்போட்ட உறை வேறு.

“கரி எங்கம்மா?”

“துடைச்சிட்டேன் சார்,” என்றாள் வீட்டுக்கார அம்மா, பெருமையாக. “வீட்டுக்கு ஒருத்தர் வர்றப்ப அப்படியேவா போட்டு வைக்கிறது?”

“சர்வேயர் பாக்குற வரைக்கும் தொடாதீங்கன்னு போன்ல சொன்னாங்களே!”

“கையால தொடலையே சார். துணி வெச்சுத்தான் தொட்டேன்.”

புருஷன்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “நான் அப்பவே சொன்னேன் சார். இவ கேட்டாளா? என்னையும் ஏணியில ஏத்தி வெள்ளையடிக்க விட்டுட்டா.”

* இந்த வரியை நான்கு முறை திருத்தினேன். முதலில் அவருக்கு மீசை இருந்தது.

3

சர்வேயர் உறையை நீக்கி, மூடியைக் கழற்றினார். உள்ளேயும் சோப்பு வாசனை. போர்டு இருக்கவேண்டிய இடம் காலி.

“எரிஞ்ச போர்டாவது இருக்கா? அதைப் படம் பிடிச்சாக்கூடப் போதும். இல்லேன்னா நான் ‘சேதம் இல்லை’ன்னுதான் எழுதணும்.”

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நாளைக்கு மகள் பத்து நாள் குழந்தையோடு இந்த அறைக்குத்தான் வருகிறாள். இதே அறையில் நேற்று மத்தியானம் வெக்கையில் மெழுகுவர்த்தி தானாக வளைந்தது. ஏ.சி. இல்லாவிட்டால் பச்சைப்பிள்ளை என்ன ஆகும்?

“இருந்துச்சு சார். எங்க வெச்சேன்னுதான்... சத்தியமா ஞாபகம் வரமாட்டேங்குது.”

எப்படி வரும்? அந்த வரியை அடித்தது நானல்லவா!

4

சரி, முடிவைப் பார்ப்போம்.

முடிவு (அ): புருஷன்காரர் துள்ளி எழுகிறார். “சார், ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய நில்லுங்க. மறுபடியும் கொளுத்திடறோம்.” (நல்ல மனுஷர். ஆனால் ஜெயிலுக்குப் போவார்.)

முடிவு (ஆ): யாருக்கும் தெரியாமல் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப்போய், ஜன்னலோரம் உள்ளங்கை அளவுக்குக் கொஞ்சம் கரியைத் தடவுகிறேன். எழுதுகிறவன் நான். யார் கேட்பது?

“இது யார் வேலை?” என்றார் சர்வேயர். “நான் உள்ள வரும்போது இந்தக் கரி இல்லையே.”

கையும் களவுமாகப் பிடிபட்டேன். அவர் இந்தத் தாளுக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை!

“எழுத்தாளர் சார், பொய்க் கரிக்கு நான் படம் பிடிக்கமாட்டேன். ஆனா முதல் பகுதியில ஏதோ அடிச்சு வெச்சிருக்கீங்களே, அது என்ன?”

“அது... வாளி. அழுக்கு.”

“அந்தம்மா சுவரைத் துடைச்சாங்க. நீங்க வாளியைத் துடைச்சீங்க. பார்க்க வர்ற ஆளுக்குக் காட்ட ரெண்டு பேருக்கும் கூச்சம்.”

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. உண்மையை நானே அடித்துவிட்டு, பொய்க்கு ஒரு கை கரி தேடியிருக்கிறேன். இதற்குப் பெயர் நம்பவைப்பதாம்!

“வாளி!” என்று குதித்தாள் அந்த அம்மா. “ஆமா, நீல வாளி! போர்டையும் கழுவிடலாம்னுதான் சார் ஊற வெச்சேன்!”

குளியலறைக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். கதவுக்குப் பின்னால் ஈரத் தரைதான் இருந்தது.

5

அடித்த வரியைத் திரும்ப எழுதிவிடலாமே என்றேன். சர்வேயர் ஒத்துக்கொள்ளவில்லை. “இப்ப எழுதினா அதுவும் பொய்க் கரிதான். அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த வாளியைப் பார்த்த ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க. சாட்சி போட்டு அனுப்பிடறேன். உங்க சாட்சி செல்லாது.”

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். புருஷன்காரர் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

பார்க்காத மாதிரி இருக்கச் சொன்னது நான்தான். மன்னித்துவிடுங்கள். படிவம் கீழே இருக்கிறது. பேனாவை அந்த அம்மா இப்போதுதான் துடைத்து வைத்தாள்.

கருகிய போர்டை நீல வாளியில் கண்டேன்.
சாட்சி: ........................